இரண்டு இணைப்பு, ஒரே கம்பம்

சிவகாசி,
ஆவணி 10

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய ஆவல். கோவில்பட்டியில் ஜி.எஸ்.டி. கணக்கு அலுவலகம் திறக்கப்போவதாகவும், எந்த இணைய இணைப்பை எடுப்பது என்றும் கேட்டு நீ எழுதி இரண்டு மாதம் ஆகிவிட்டது. அப்போதே பதில் எழுதியிருந்தால் ‘வேகம் அதிகமுள்ள திட்டமாகப் பார்த்து எடு’ என்று ஒரே வரியில் தவறான யோசனை சொல்லியிருப்பேன். ஆகையால் என் சோம்பலால் உனக்கு நன்மையே.

ஆடிப்பெருக்கன்று புதிய ஆண்டின் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களை வெளியிட்ட மறுவாரம், ஆர்டர்கள் வந்துகொண்டிருந்த வேளையில், அட்டைப்பெட்டிகளை உயரமாக ஏற்றி வந்த லாரி ஒன்று பிரஸ் வாசலில் தொங்கிய கேபிளை அறுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று இரண்டு நிறுவனங்களிடம் நான் இணைப்பு வாங்கி வைத்திருந்ததைச் சென்ற தீபாவளிக்கு வந்தபோது மெச்சினாயே, அந்த இரண்டும் ஒரே கம்பத்தில்தான் தொங்கின என்பது, இரண்டு மோடம் பெட்டிகளிலும் ஒருசேரச் சிவப்பு விளக்கு எரிந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சிரிக்காதே.

பெரிய நிறுவனத்தின் இலவச எண்ணில் என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது என்றார்கள். மறுநாள், ஒயர் தெருவிலேயே கிடக்க, புகார் சரிசெய்யப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. இன்னொரு இணைப்பைத் தந்த உள்ளூர்க் கேபிள்காரரோ மறுநாள் காலையிலேயே ஏணியோடு வந்து, தலைமுடி போன்ற இழையை இயந்திரத்தில் வைத்து ஒட்டி, இழையில் வரும் ஒளியின் வலிமையை அளக்கும் மீட்டரைக் காட்டினார்: மைனஸ் 19. மைனஸ் 27-க்கும் கீழே இறங்கினால் பெட்டி தடுமாறும் என்றார். பெரிய நிறுவனத்தின் விளக்கு பச்சையாக நான்கு நாள் ஆயிற்று. அதற்குள், புரூஃபுக்காகக் காத்திருந்த மதுரை வாடிக்கையாளர் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

உன் தேவை வேறு. நான் பெரிய டிசைன் கோப்புகளை அனுப்புகிறவன் என்பதால் அப்லோடு வேகத்தைப் பார்க்க வேண்டும். உன் கோப்புகளோ சிறியவை, ஆனால் மாதம் 20-ஆம் தேதி மாலை, 3பி என்னும் மாதாந்திர ஜி.எஸ்.டி. படிவத்தைத் தாக்கல் செய்யும் நேரத்தில், இணைப்பு அறாமல் இருக்க வேண்டும். லீஸ்டு லைன் என்னும் தனி இணைப்பை எடுத்தால் வேகம் உனக்கே உரியது, பழுது நீக்கும் நேரத்துக்கும் ஒப்பந்தம் உண்டு. ஆனால் அதன் வாடகை உன் அலுவலகத்துக்குத் தாங்காது. சாதாரண ஃபைபரில் ஒரே இழையில் வரும் சுமார் 2.5 ஜிகாபிட்டை 32 வாடிக்கையாளர்கள் வரைகூடப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றாலும், உன் வேலைக்கு அது தாராளம். வெளியிலிருந்து அலுவலகக் கணினியின் டேலி கணக்கு மென்பொருளைத் திறக்கும் எண்ணமிருந்தால் மட்டும், நிலையான ஐ.பி. முகவரி (இணையத்தில் உன் இணைப்புக்கான மாறாத எண்) கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடு.

பி.எஸ்.என்.எல். ஃபைபரைப் பல ஊர்களில் கேபிள்காரர்களே கூட்டாளிகளாக இருந்து தருகிறார்கள். ஆகவே விளம்பரத்தைப் பார்க்காமல், உன் தெருவில் ஏணி வைத்து ஏறுகிறவர் யார் என்று பக்கத்து மருந்துக்கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் விசாரி. கரண்ட் போனால் அவருடைய கருவிகள் இருக்கும் அறையில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கூச்சப்படாமல் கேள். இரண்டாவது இணைப்பு ஒயரே இல்லாததாக இருக்கட்டும். 2023-இல் ஜியோ தொடங்கிய ஏர்ஃபைபர் போல, மொட்டைமாடியில் கருவி வைத்து 5ஜி அலையை வாங்கும் வகையைத்தான் நானும் இப்போது மாட்டியிருக்கிறேன்; மாலையில் கொஞ்சம் மந்தமானாலும் எந்த லாரிக்கும் எட்டாது. ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குத் தானே மாறும் ரூட்டரும் வாங்கிவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு வீட்டோடு வருகிறோம். குத்துவிளக்கு ஏற்றும் முன், உன் வாசல் கம்பத்தை எனக்குக் காட்டிவிடு.

அன்புடன்,
உன் காலண்டர்க்காரன்