வங்கக் கடலின் நடுவும் சாங்கியின் விடியலும்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. விமானங்களுக்குப் பிளான் போடும் டிஸ்பாட்ச் வேலையில் உன்னை இன்டர்நேஷனல் டெஸ்க்குக்கு மாற்றியதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, மறுபடியும் பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார். சரி, சென்னை – சிங்கப்பூர் ரூட்டுக்கு ஃபிளைட் பிளான் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன்.

நேர்கோட்டில் ஏறத்தாழ 1,570 நாட்டிகல் மைல் (இனி மைல் என்றாலே இதுதான்), ஏ320நியோவில் நாலு மணி நேரம். டெல்லிக்குப் பிளான் போட்டுப் பழகிய கைக்கு இது சுலபம்போலத்தான் தெரியும். ஆனால் இரண்டு இடம் படுத்தும். ஒன்று வங்கக் கடலின் நடுப்பகுதி, இன்னொன்று சிங்கப்பூரின் காலை வானம். இந்த இரண்டையும் முடிவுசெய்த பிறகே மற்றதைத் தொடு.

முதலில் கடல். ஈடிடிஓ அனுமதி (விமான நிலையங்களிலிருந்து வெகுதூரம் விலகிப் பறக்க உதவும் தனி அனுமதி) இல்லாத இரட்டை எஞ்சின் விமானம், ஒரு எஞ்சினோடு பறக்கும் வேகத்தில், தகுதியான விமான நிலையத்திலிருந்து 60 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. ஏ320க்கு அந்த 60 நிமிடம் சுமார் 400 மைல்; சரியான எண்ணை உங்கள் கம்பெனி மேனுவலில் பார்த்துக்கொள். சென்னையைச் சுற்றி ஒரு வட்டம், போர்ட் பிளேரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார். ரூட் தெற்கே சரிந்து போவதால் கிழக்கு 86 பாகைக்குப் பக்கத்தில் இரண்டு இடத்திலிருந்தும் தூரம் 395 மைல் அளவுக்கு வந்துவிடும். அதாவது வட்டங்கள் மயிரிழையில்தான் தொடுகின்றன. போர்ட் பிளேர் கடற்படையின் தளம். நீ கடலைக் கடக்கிற நேரத்துக்கு ஓடுபாதை திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா, ஆள் இருக்கிறார்களா என்று நோட்டமில் (விமானிகளுக்கான அறிவிப்பில்) பார்க்காமல் அதைக் கணக்கில் சேர்க்காதே.

போர்ட் பிளேர் இல்லையென்றால் தெற்கே இறங்கி இலங்கைப் பக்கமாகப் போகலாமே என்று தோன்றும். அதுவும் முழுத் தீர்வில்லை. இலங்கையின் மத்தளவுக்கும் சுமத்ராவின் வடமுனையிலுள்ள பண்டா அச்சேவுக்கும் இடையே 850 மைலுக்கு மேல். பாதியே 425ஐத் தாண்டும். ஆகவே போர்ட் பிளேர் மூடியிருக்கும் இரவுகளுக்கு ஈடிடிஓ அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட விமானம் அன்றைக்கு ஈடிடிஓ தகுதியில் இருக்கிறதா என்று மெயின்டனன்ஸிடம் கேட்டுக்கொள். விமானம் கடைசி நிமிடத்தில் மாறினால் திரும்பவும் கேள்.

இதையும் லைஃப் ராஃப்ட் விதியையும் (எவ்வளவு தூரம் கடலுக்குள் போனால் உயிர்காப்புப் படகு எடுத்துப்போக வேண்டும் என்பது) போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அது 400 மைல் அல்லது 120 நிமிடம், எது குறைவோ அது. அளப்பது விமான நிலையத்திலிருந்து அல்ல, அவசரமாக இறங்கத் தோதான நிலத்திலிருந்து. இலங்கையின் கிழக்குக் கரையும் நிக்கோபாரும் இருப்பதால் இந்த ரூட் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். புயலை ஒதுக்கிச் சுற்றும் நாளில் மட்டும் மறுபடி அளந்து பார்.

அடுத்தது நேரம். செவ்வாய் நள்ளிரவு தாண்டி, அதாவது புதன் 00:30க்குக் கிளம்பினால், யூடிசியில் (விமான உலகின் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால்) அது செவ்வாய் 19:00. ஃபிளைட் பிளானில் டிஓஎஃப் (பறக்கும் தேதி) செவ்வாய்த் தேதியாக இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தேதி ஒருநாள் தள்ளிப்போனால், கேப்டன் கிளியரன்ஸ் கேட்கும்போது டவரில் பிளானே இருக்காது. புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால் பிளான் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே, மூன்று மணி நேரம் முன்பே அனுப்பு.

19:00க்குக் கிளம்பினால் இறங்குவது 23:00 யூடிசி, சிங்கப்பூரில் காலை 7 மணி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையிலிருந்து 'சுமத்ரா' என்கிற இடிமழை வரிசை கிழக்கே நகர்ந்து வருவதும் விடியலுக்கு முன்னிருந்து காலை வரைதான். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று வீசும், ஒன்றிரண்டு மணி நேரம் மழை கொட்டும். டாஃபில் (விமான நிலைய வானிலை முன்னறிவிப்பில்) 'டெம்போ', அதாவது தற்காலிகம், என்று ஒரு வரிதான் இருக்கும். அதை நம்பி விட்டுவிடாதே. கிளம்புவதற்கு முன் செயற்கைக்கோள் படத்தில் சுமத்ரா தீவின் வடகிழக்குக் கரையையும் நீரிணையையும் பார். அங்கே மேகம் திரண்டிருந்தால் கூடுதல் எரிபொருளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

எரிபொருள் கணக்கைக் கிலோவில் தோராயமாகச் சொல்கிறேன். டாக்ஸிக்கு 200, பயணத்துக்கு 9,000, அதில் 5 சதவீதம் கன்டிஞ்சன்சி (எதிர்பாராததற்கு) 450, 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடும் இறுதி இருப்பு 1,100. சிங்கப்பூரில் இறங்க முடியாவிட்டால் போகும் ஆல்டர்நேட்டாகப் பக்கத்து இந்தோனேசியத் தீவான பத்தாமைப் போட்டால் 600 போதும், மொத்தம் 11,350. கோலாலம்பூரைப் போட்டால் 1,500 வேண்டும், மொத்தம் 12,250. வித்தியாசம் 900 கிலோ. காகிதத்தில் பத்தாம் அழகாக இருக்கும். ஓடுபாதை 4,000 மீட்டருக்கு மேல். ஆனால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை மூடுகிற அதே மேக வரிசை ஜொகூரின் செனாயையும் பத்தாமையும் கொஞ்ச நேரத்திலேயே மூடிவிடும். காலை விமானத்துக்கு என் ஓட்டு கோலாலம்பூருக்கே, அதற்கும் மேல் 20 நிமிடம் வட்டமிட 750 கிலோ. கூடுதல் 1,000 கிலோவைச் சுமந்தால் நாலு மணி நேரத்தில் 100 கிலோ அளவுக்கு அதைச் சுமப்பதற்கே எரியும். டைவர்ஷன் (வேறு நிலையத்துக்குத் திரும்பிப் போகும்) செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. மதிய விமானமாக இருந்து வானமும் தெளிவாக இருந்தால் பத்தாம் போதும், தாராளமாகப் போடு.

லெவல், அதாவது பறக்கும் உயர விஷயம். கிழக்கே போவதால் ஆயிரங்கள் ஒற்றைப்படை: 330 (33,000 அடி), 350, 370. மேற்கே வளைகுடாவிலிருந்து வருகிற பெரிய விமானங்களும் அதே நேரத்தில் வங்கக் கடலைக் கடப்பதால், கேட்ட 370 கிடைக்காமல் போகலாம். 330இல் எவ்வளவு எரியும் என்று ஒரு கணக்கும் போட்டு கேப்டனிடம் கொடுத்துவிடு. டேட்டாலிங்க் (கட்டுப்பாட்டு மையத்தோடு எழுத்துச் செய்தி பரிமாறும் கருவி) பழுதான விமானத்துக்கு நிலைமை இன்னும் மோசம். இடைவெளி அதிகம் வேண்டுமென்பதால் கீழே தள்ளிவிடுவார்கள். அந்த நாளில் பிளானில் கருவிகளைச் சொல்லும் 10ஆம் கட்டத்திலிருந்து டேட்டாலிங்க் குறியீடுகளான சிபிடிஎல்சி, ஏடிஎஸ்-சி இரண்டையும் எடுத்துவிட்டுப் பிளானைத் திருத்தி அனுப்பு. வழக்கமான பிளானை அப்படியே காப்பி செய்து அனுப்புவதுதான் வினை. 18ஆம் கட்டத்தில் பிபிஎன் (வழி பிடிக்கும் துல்லியத் தகுதிகள்) வரிசையில் ஏ1 இருக்கிறதா என்றும் பார். கடல் ரூட்டுக்கான ஆர்என்பி 10 தகுதியைச் சொல்வது அதுதான்.

சாங்கி ஸ்லாட் (இறங்க ஒதுக்கும் நேரம்), பயணிகள் பட்டியல் முன்கூட்டியே அனுப்புவது எல்லாம் உங்கள் கமர்ஷியல் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். சார்ட்டராக இருந்தால் மட்டும் அனுமதி எண்கள் பிளானில் ஏறியிருக்கிறதா என்று நீயே சரிபார்.

முதல் வாரத்துப் பிளான் ஒன்றை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். உங்கள் மேனுவலில் 60 நிமிட தூரம் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் எழுது. வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பாலு