மஞ்சள் மொபெட்டிடம் மன்னிப்பு

டேய் மாப்ளே,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். எனக்கு மட்டும் முதுகு பிடித்திருக்கிறது, காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் குட்டி விமானத்தின் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினுக்கு ஆயில் ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றினேன். டேங்கில் மூன்று லிட்டர் ஊற்றி, மூடியை இறுக்கி, "ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?" என்று சாவியை எடுத்தேன். வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பார்வை உனக்குத் தெரியுமே.

இந்த இன்ஜினில் ஆயில் அடியில் தேங்கிக் கிடக்காது. தனி டேங்கிலிருந்து, ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் வழியாகப் பம்புதான் உறிஞ்ச வேண்டும். வழியெல்லாம் காலியாக இருந்தால் பம்பு காற்றைத்தான் குடிக்கும். டேங்க் நிறைந்திருந்தும், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குச் சொட்டு போகாது.

சரி, காற்றை வெளியேற்றும் வேலை. இக்னிஷன் ஆஃப். சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். இன்ஜினிலிருந்து ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸை டேங்கிலிருந்து பிடுங்கி ஒரு டப்பாவில் விட்டோம். டேங்கின் வென்ட், அதாவது காற்றுப்போக்கிக் குழாய் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தோம், 1 பாருக்கு மேல் போகக் கூடாது. அப்புறம் புரொப்பெல்லரைக் கையால் சுற்றணும், ஓடும் திசையில் மட்டும். மறந்துபோய்ப் பின்னால் சுற்றினால் காற்றை நாமே உள்ளே இழுத்துவிடுவோமாம். சுமார் 20 சுற்றில் ஆயில் பிரஷர் முள் அசையும் என்றார்.

20. 30. 45. முள் குறட்டை விடுகிறது. பம்பு போச்சா, ஹோஸைத் தலைகீழாக மாட்டிவிட்டேனா என்று வயிற்றைக் கலக்கியது. மூச்சு வாங்க நின்றபோதுதான் "உஸ்ஸ்" என்ற சத்தம் காதில் விழுந்தது. டேங்கில் ரிட்டர்ன் ஹோஸ் இருந்த வாயை நான் அடைக்கவே இல்லை! கொடுத்த காற்றெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. அடைத்துவிட்டுச் சுற்றினேன். பதினேழாவது சுற்றில் முள் எழுந்தது. நான் கத்திய கத்தலில் வாத்தியாரே சிரித்துவிட்டார்.

அதோடு விட்டாரா? வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் கை ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்க வைத்தார். அரை மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கினால், அதைத் தள்ளும் ஆயில் நிரம்பிய டேப்பெட்டில் காற்று இருக்கிறதாம். எட்டும் கல் மாதிரி நின்றன. டேங்கில் குறைந்ததை ஊற்றிவிட்டு அவரே ஸ்டார்ட் செய்தார். பத்து நொடிக்குள் பிரஷர் வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். நாலு எண்ணுவதற்குள் வந்துவிட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லைடா. தனியாக இருந்திருந்தால் சாவியைத் திருகியிருப்பேன். சத்தம்கூடச் சரியாகவே கேட்டிருக்கும். பேரிங் போன விஷயம் மேலே போன பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால், ஆயில் ஊற்றாமல் அந்த மஞ்சள் மொபெட்டின் இன்ஜினை நீ இறுகவிட்டதற்கு இத்தனை வருஷம் செய்த கிண்டலையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கதையை மட்டும் விடமாட்டேன்.

சீக்கிரம் வா. சாவி இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. நீ கேட்டால் கொடுப்பார்.

உன்,
முதுகு பிடித்தவன்