வதனிக்கு, தொட்டிச் செய்தியோடு

திருகோணமலை,
ஆடி அமாவாசைக்கு மறுநாள்.

அன்பின் வதனிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் அவரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். சித்திரைக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குரிய ஏச்சை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது பேனாவை எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: என் மீன்தொட்டியில் செரி பார்ப் மீன் குஞ்சு பொரித்திருக்கிறது!

காலையில் விளக்கைப் போடுவதற்கு முன் டோர்ச் அடித்துப் பின்மூலைப் பாசிக்குள் பார்த்தேன். ஏதோ தூசி மிதப்பதாகத் தெரிந்தது. தூசியென்றால் நீரோட்டத்தோடு போய்விடும். இது போகாமல் எதிர்த்து நின்றது. கறுப்பாக இரண்டு கண்கள், பின்னால் ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஓர் உடல், நடுவில் ஊசிமுனை அளவு வயிறு. அரைச் சென்ரிமீற்றர்கூட வராது. ஒன்றைக் கண்டபின் பக்கத்தில் இன்னொன்று, இலைக்கு அடியில் மற்றொன்று. தேத்தண்ணீர் ஆறியது தெரியாமல் நின்றேன். முட்டையைக் கண்டால் பெற்றதுகளே தின்றுவிடும் சாதி இது. பாசி அவ்வளவு அடர்த்தியாக வளர்ந்ததால்தான் தப்பியிருக்கின்றன. அந்தப் பாசிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே இப்போதைக்கு அவற்றுக்குச் சாப்பாடு.

வாங்கி வந்த அன்று அந்த மீன்கள் இருந்த கோலத்தை நீ பார்க்கவில்லை. வெளிறிய பழுப்பு, விலாவில் ஒரு கறுப்புக் கோடு. நிழலும் இலையும் கிடைத்த பிறகு ஆண்கள் மூக்கிலிருந்து வால்வரை இரத்தச் சிவப்பாகிவிட்டன. களனி கங்கையிலிருந்து நில்வளா கங்கை வரையுள்ள ஈரவலயத்து ஓடைகளில், மர நிழலில் வாழும் மீன் இது. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. விலங்கியலாளர் தெரணியகல 1929-இல் விவரித்துப் பெயரிட்டார். நம் நாட்டு மீனை நாம் கடையில் வெளிநாட்டு மீன்களுக்கு நடுவே தேடிப்பிடிக்க வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நீ அனுப்பிய யப்பான் படங்களைப் பார்த்தேன். தொட்டிக்குள் நீர்ச்செடிகளால் காடு அமைத்த அமானோவின் வேலையை யார்தான் விரும்பமாட்டார்கள்? சைக்கிள் ஓட்டப்பந்தயத்தில் இருந்து, பிறகு காடு காடாகப் போய்ப் புகைப்படம் எடுத்த மனிதர். லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீற்றர் நீளம், 160,000 லீற்றர் கொள்ளளவில் ஒரு தொட்டியை அமைத்துக் கொடுத்துவிட்டு 2015-இல் காலமானார். உன் மகன் அவரிடமிருந்து, செடிக்கு ஊட்டும் காபனீரொட்சைட்டுச் சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வாங்கித் தரச் சொல்லி நிற்கிறான். வாங்காதே. செடிக்கு முதலில் இடம் கொடுத்தால் மீன் அதற்குள் தன் பாட்டில் இருக்கும் என்பதுதான் அவர் தொட்டிகளில் நான் படித்த பாடம். அதற்குச் சிலிண்டர் தேவையில்லை, நல்ல மண் போதும்.

என்னுடையது இரண்டடித் தொட்டி, ஏறத்தாழ அறுபது லீற்றர் பிடிக்கும். அடியில் தம்பலகாமத்து அக்காவின் வளவு மண், உரம் படாத மூலையில் எடுத்தது. அரித்து, ஊறவைத்து ஓர் அங்குலத்துக்குப் பரப்பினேன். மேலே கழுவிய ஆற்று மணல் இன்னோர் அங்குலம். மண்ணிலுள்ள மக்கு மெல்ல மெல்ல உக்கும்போது காபனீரொட்சைட்டு வரும், வேருக்கும் உணவு கிடைக்கும். கல் வைக்கும்போது கவனம். உங்கள் திகனப் பக்கத்து வெள்ளைக் கல் கண்ணைப் பறிக்கும், ஆனால் அது டொலமைற்று, சுண்ணாம்புச் சத்துள்ள கல், தண்ணீரைக் கடினமாக்கிவிடும். எந்தக் கல்லையும் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளில் வினாகிரி விட்டுப் பார். நுரைத்தால் முற்றத்திலேயே கிடக்கட்டும்.

கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியை நட்டாயானால் முதல் கிழமைகளில் இலையெல்லாம் கூழாகிக் கரையும். நீ பதறிப் பிடுங்கி எறிகிற ஆள் என்பது எனக்குத் தெரியும், ரோசாக் கன்று விவகாரத்தை நான் மறக்கவில்லை. தயவுசெய்து கையை வைக்காதே. கீழே கிழங்கு உயிரோடு இருக்கும். பழைய இலை புது நீருக்குப் பொருந்தாமல்தான் போகிறது. சுருண்ட ஒரு சிறு குருத்து செம்பழுப்பு நிறத்தில் மணலைத் தள்ளிக்கொண்டு வரும், அதன்பின் நிற்காது. மீனையும் உடனே விடாதே. கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கு நஞ்சு. அதை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாக்க, இன்னொருவகை அதைக் கெடுதல் குறைந்த நைத்திரேற்றாக்கும். இந்தக் கூட்டம் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். விமலா ரீச்சரின் விஞ்ஞான பாடத்தில் நீ தூங்கியதால் மறுபடி எழுதுகிறேன்.

இனி என் கவலைக்கு வருகிறேன். நீ பொழுது பட்டால் ஸ்வெட்டர் தேடுகிற ஊரில் இருக்கிறாய். இங்கே வறண்ட கச்சான் காற்று வீசுகிறது. மத்தியானத்தில் உப்புவெளி வீதியில் நாய்கூட இல்லை. நிழலோடை மீனை இந்த வெக்கையில் வைத்திருப்பதென்றால் ஒவ்வொரு பாகையும் கணக்கு. தொட்டிக்கு மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடுகிறது. காற்று வறண்டிருப்பதால் நீர் வேகமாக ஆவியாகி இரண்டு மூன்று பாகை இறங்குகிறது. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்பெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். குறைந்ததை எங்கள் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் நாளுக்கு நாள் கடினம் ஏறும். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரீன். ஆகவே மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைநீரைத்தான் ஊற்றுகிறேன். பீப்பாய்க்கு மூடியும் வலையும் போட்டிருக்கிறேன். நுளம்பு முட்டையிட்டால் டெங்கு நம் வீட்டிலிருந்துதான் தொடங்கும். அந்தப் பீப்பாய் இப்போது பாதிக்குக் கீழே. ஐப்பசி மழைவரை தாங்குமா என்று தினமும் தட்டிப் பார்க்கிறேன்.

இராத்திரி மின்வெட்டு வந்தால் இன்னும் பயம். 25 பாகையில் ஒரு லீற்றர் நீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும், 32 பாகையில் 7 சொச்சம்தான். இருட்டில் செடியும் மீனோடு சேர்ந்து அதையே சுவாசிக்கும். விடியப்போகும் நேரம்தான் மிகவும் ஆபத்து. மீனை நான் குறைவாக வைத்திருப்பதற்கு இதுவே காரணம். குஞ்சுகள் பெருகினால் இந்தத் தொட்டி தாங்காது.

செல்வியின் மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது, யாழ்ப்பாணம். பெரியம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்தது. உன் முழங்கால் எப்படி?

போன கடிதத்தில், குஞ்சு மிஞ்சினால் மகாவலியில் விட்டுவிடலாமே என்று எழுதியிருந்தாய். வதனி, இதில் எனக்கு விளையாட்டே கிடையாது. ஒன்றைக்கூட விடாதே. கடைகளில் 'டாங்க் கிளீனர்' என்று விற்கும் அந்த உறிஞ்சி மீன் தென்னமெரிக்காவினுடையது. யாரோ வளர்த்து, யாரோ அலுத்துப்போய் விட்டது இன்று உனக்குப் பக்கத்திலுள்ள பொல்கொல்லையிலும் விக்டோரியாவிலும் இனம் பெருக்கி நிற்கிறது. அதன் முள் வலையில் மாட்டினால் வலைதான் கிழியும், உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குத்தான் நட்டம். எங்கள் பக்கத்திலும் வீடு மாறிப்போன ஒருவர் அதே மீனை வாளியோடு கொண்டுபோய்க் குளத்தில் கொட்டினார். கேட்டதற்கு, பாவம், சாகவிட மனமில்லை என்றார். அந்தக் குளத்து மீன்களின் பாவத்தை யார் நினைத்தது? செரி பார்ப் நம் நாட்டு மீன்தான். ஆனாலும் அது பிறந்த ஓடை வேறு, உங்கள் ஆறு வேறு. தொட்டியிலிருந்து என்ன நோயைச் சுமந்து போகும் என்றும் சொல்ல முடியாது.

மிஞ்சுவதை நீயே வளர்த்துக்கொள். மார்கழி விடுமுறைக்குள் பிரயாணம் தாங்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். அதற்குள் உன் தொட்டியில் மண்ணைப் போட்டுச் செடியை நட்டுவை. நீரும் மண்ணும் கண்ணாடியும் சேர்ந்தால் எண்பது கிலோவுக்குக் குறையாது, அம்மாவின் பழைய மேசையை நம்பாதே. வரும்போது வாயகன்ற மூடிப் போத்தல்கள் கொண்டுவா. திரும்பும்போது விடிகாலை பஸ்ஸைப் பிடி, தம்புள்ளை தாண்டும்வரை வெயில் ஏறக் கூடாது. தொட்டியை எந்தச் சுவரோரம் வைக்கப்போகிறாய், அங்கே வெயில் விழுமா என்று உடனே எழுது.

அன்புடன்,
மாலா