மாலைக்கடைக் கடன் கொப்பி

ஹட்டன்,
பங்குனி மாதம்.

அன்பு மிக்க நண்பருக்கு,

வணக்கம். நீங்களும் மதினியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இங்கு சுகம். மூட்டுவலி மட்டும் குளிரோடு வருகிறது, வெயிலோடு போகிறது.

உங்கள் கடிதம் இரண்டு வாரங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. வவுனியாவில் உங்கள் கிணற்றடி மல்லிகைப் பந்தல் இந்த முறை கொள்ளையாகப் பூத்திருப்பதையும், பறிக்க ஆளில்லாமல் பாதிப் பூ மண்ணில் உதிர்வதையும் எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அன்று மாலை, பஸ் நிலையத்தடி மாலைக்கார அண்ணன் வீடு தேடி வந்து என்னிடம் ஒரு வேலையைத் தந்துவிட்டார். அந்த வேலையும் உங்கள் மல்லிகையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், முடித்துவிட்டே எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. அதற்கு முன் கடையின் கடன் கணக்கைக் கூட்டித் தர வேண்டும், எழுத்து தெரியவில்லை என்று நான்கு சி.ஆர். கொப்பிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஓய்வு பெற்ற கணித ஆசிரியனுக்கு இது ஒரு மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். பத்து இரவுகள் பிடித்தன. கூட்டுவதற்கல்ல, வாசிப்பதற்கு.

செவ்வந்திச் சாறு ஊறி மஞ்சளாகிப்போன அந்தத் தாள்களில் ஆட்களின் பெயரைவிட, தோட்டப் பிரிவான கணக்கு, வரிசை வீடான லயம், தேயிலை ஆலையான ஸ்டோர் என்று இடத்தின் பெயரே அதிகம். ‘மேற்கணக்கு, 7ஆம் லயம், பிள்ளைக்குப் பேர் வைக்க, 2 முழம்.’ ‘கீழ்க்கணக்கு, தலைவர் வீடு, மகள் சடங்கு, மாலை 1, சரம் 5.’ ‘ஸ்டோர், ஆயுத பூசை, பெரிய மாலை 4.’ ஒவ்வொன்றுக்கும் எதிரே சம்பள நாளான 10ஆம் திகதி குறிக்கப்பட்டிருக்கிறது. காசு வந்திருந்தால் ஒரு கோடு, வராவிட்டால் அடுத்த மாதத்து 10. அந்த ஆயுத பூசை வரியைப் பார்த்ததும் கொழுந்து அரைக்கும் ரோலருக்குச் செவ்வந்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, இயந்திரத்தை நிறுத்தி நாம் கைகட்டி நின்ற சின்ன வயது நினைவு வந்தது. அன்றைக்கு ஒருநாள்தான் அந்த ஸ்டோரில் தேயிலை மணத்தை மீறிப் பூ மணக்கும்.

பௌர்ணமி நாட்களில் கணக்கின் முகமே மாறிவிடுகிறது. சிங்களக் குடும்பங்கள் பன்சலைக்கு, அதாவது விகாரைக்கு, கொண்டுபோக வெண்தாமரையும் நீல அல்லியும் கேட்டு வந்திருக்கின்றன. 1986இல் நாட்டின் தேசிய மலராக்கப்பட்ட அந்த நீல அல்லி இந்தக் குளிரில் இங்கே விளைவதில்லை. அவர் அதைக் கீழ்நாட்டிலிருந்து வரவழைத்து, ஈரச் சாக்கில் வைத்து, விடியற்காலையில் இதழ்களை விரித்துக் கொடுக்கிறார். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் சனம் நம் ஸ்டேஷனில் இறங்கி மஸ்கெலியா பஸ்ஸைத் தேடும்போது, பூக்கூடையோடு முதலில் எதிர்ப்படுகிறவரும் இவர்தான். பன்சலையில் பூ வைக்கும்போது ‘இந்தப் பூ வாடுவது போல இந்த உடலும் வாடும்’ என்று பாளி மொழியில் சொல்வார்களாம். அவர் அதை ஒரு சிங்களப் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். சாமிக்குரிய பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது என்ற வழக்கம் அவர்களுக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது என்று அன்று எனக்குச் சொன்னார். நவம்பர் 2ஆம் திகதி, கல்லறைத் திருநாளில், வேதக்காரர் வீடுகள் அத்தனையும் அந்தக் கொப்பியில் வரிசையாக நிற்கின்றன.

கூட்டி முடிக்கும் தறுவாயில்தான் ஒன்று கண்ணில் பட்டது. நான்கு கொப்பிகளிலும் ஒரு சாவு வீடுகூட இல்லை. பெயர் வைத்ததும் சமைந்ததும் கல்யாணமும் காதுகுத்தும் எல்லாம் இருக்கின்றன. இழவு மட்டும் இல்லை. தாள் கிழிந்துவிட்டதோ என்று புரட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் அவரிடமே கேட்டேன். “அதை எழுதுறதில்லீங்க சேர். கொடுத்தா வாங்கிக்குவேன். எழுதி வச்சா கேக்கணும்னு தோணும்” என்றார். அவ்வளவுதான். பிறகு கையிலிருந்த சரத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

அவர் கட்டுவதை நீங்கள் பார்த்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலிருக்கும். இன்னும் அதே விதம்தான். காம்பைச் சுண்டுவிரல் நகத்தளவு விட்டுக் கிள்ளி, இரண்டு பூக்களை எதிரும் புதிருமாக இடக்கை விரல்களுக்கிடையில் வைத்து, நனைந்த வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் முடிச்சை அழுத்தி இழுக்கிறார். முடிச்சு இறுகும் ஓசை கேட்காது, பூ லேசாகத் திரும்புவதுதான் தெரியும். பார்வை மங்கிய பின் விரல் நுனியாலேயே மொட்டு எது, விரிந்தது எது என்று பிரிக்கிறார். மார்கழியில் விடியற்காலை ஐந்து மணித் தண்ணீரில் விரல்கள் விறைத்துப்போகும். ஒரு பிளேன் டீ கிளாசைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு மறுபடியும் நாரை நனைப்பார்.

அவருடைய அப்பா டிக்கோயாப் பக்கத்தில் பங்களாத் தோட்டக்காரராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். ரோசாவை ஒட்டுக்கட்டவும், டேலியாக் கிழங்கைப் பிரித்து நடவும் அந்த மனிதரைப் போல் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. ஆனால் அவர் வளர்த்த பூவில் ஒன்றையாவது தன் லயக் காம்பராவுக்குக் கொண்டுவந்ததில்லையாம். லயத்து வாசலில் மூன்றடி மண்ணில் செவ்வந்தி வைத்தாலும் அந்த மண் தோட்டத்துடையது. பிடுங்கச் சொன்னால் பிடுங்கத்தான் வேண்டும். இந்த மலைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு இது பூக்களின் ஊர். நுவரெலியாவில் சித்திரை வசந்தகாலப் பூக்களும், 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலப் பூங்காவின் ரோசாப் பாத்திகளும் அவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பாத்திகளைக் கொத்திய கைகளுக்குத் தன் பெண்ணின் தலையில் வைக்க ஒரு முழம் மல்லிகையைக் காசு கொடுத்து வாங்கும் நிலை இருந்தது. அந்த மல்லிகையும் இங்கே விளைவதில்லை. குளிரில் கொடி தழைக்கும், பூக்காது. பசுமைக்கூடங்களில் வளரும் கார்னேஷனும் ஜெர்பராவும் லொறியில் கொழும்புக்கு இறங்குகின்றன. மல்லிகை பஸ்ஸில் மேலே ஏறி வருகிறது. இரண்டும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்துபோகின்றன.

அவர் இந்தத் தொழிலைத் தொடங்கியது எப்படி என்று எனக்கு இப்போதுதான் சொன்னார். 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி நம் தோட்டத்துச் சனம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலத்தில், நம் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட அழுகைக் கோச்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போகிறவர்களின் கழுத்தில் போட அயலவர்கள் மாலை கேட்டார்கள். டவுனில் போதுமான மாலை இல்லை. இவர், பதினாறு பதினேழு வயதுப் பையன், ஓடைக்கரையில் பூத்த வெள்ளை லில்லியையும் வேலிச் செவ்வந்தியையும் தென்னந்தும்பில் கட்டி எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினாராம். காசு வாங்கினாராம். வாங்கிய காசைக் கையில் வைத்துக்கொண்டு, கோச்சி நகர்ந்த பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றாராம். சாவு வீட்டுக் கணக்கை எழுதாததற்கு இதுதான் காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டார். 1977 கலவரத்துக்குப் பிறகு உங்கள் குடும்பம் லொறியில் ஏறிய இரவை அப்போது நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு மாலை போட ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

இப்போது டவுனில் இரண்டு கடைகளில் பிளாஸ்டிக் மலர் வளையம் வாடகைக்குக் கிடைக்கிறது. காலையில் சாவு வீட்டில் சாத்தி, மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1000 ரூபாயை எட்டியது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்து அந்த ஆயிரத்தின் பெறுமதியைத் தின்றுவிட்டது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போடும் இடத்தில், மாலைக்கு ஒரு நாள் கூலியைக் கொடுக்க முடியாதவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அந்த வளையத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நேற்று வேறொருவர் பெட்டியின் மேல் கிடந்த அதே வளையம், அதே ‘கண்ணீர் அஞ்சலி’ எழுத்தோடு இன்று இவர் மேல் கிடக்கிறது. செத்தவருக்கென்று யாரும் எதையும் கையால் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிழவி இறந்துபோனாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள். டவுனுக்கு எந்தப் பூவும் வரவில்லை. மாலைக்கார அண்ணன் வெறுங்கையோடு நான்கு மைல் நடந்து போனார். அங்கே மூங்கில் சிம்பை வளைத்து, மானாப்புல்லைச் சுற்றி, பிள்ளைகளை ரோட்டோரத்துக்கு அனுப்பிக் காட்டுச் சூரியகாந்தியையும் பெரணித் தழையையும் பறித்துவரச் செய்தார். லயத்துப் பெண்கள் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து கட்டினார்கள். அழுதுகொண்டிருந்த மகளின் கையிலும் ஒருத்தி நாரைக் கொடுத்தாள். அவள் கட்டக் கட்ட அழுகை அடங்கி, அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நான் அந்த வாசலில் நின்று பார்த்தேன். விலை கொடுத்து வாங்கிய எந்த மாலையிலும் அதைக் கண்டதில்லை.

தேயிலைப் பூவையும் அன்று ஒரு பையன் பறித்து வந்தான். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் தூள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பெண்கள் அதை ஒதுக்கி வைத்தார்கள். ஒழுங்காகக் கொழுந்து எடுத்துக் கவ்வாத்து வெட்டும் மலையில் தேயிலை அப்படிப் பூக்காது. பூத்திருந்தால் அந்த மலையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள். அதை அவளுக்குச் சாத்த அவர்களுக்கு மனம் வரவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. புதிய வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியோடு வீடு கிடைத்தவர்களில் நம் பழைய கொழுந்துக்காரப் பாட்டி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே சீமெந்து காயவில்லை, ஜன்னலுக்குக் கண்ணாடி போடவில்லை. வாசலில் செம்பருத்தியும் மூன்று நிறச் செவ்வந்தியும் நட்டு வைத்திருக்கிறாள். தோட்டத்துத் திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடிக்கிற பணத்தோடு, இந்த முறை கரகத்துக்குத் தன் வாசல் பூவையும் தருவதாகச் சொல்லியிருக்கிறாளாம். மாலைக்கார அண்ணனின் இளைய மருமகளும் வெள்ளிக்கிழமைகளில் கடையில் உட்காரத் தொடங்கியிருக்கிறாள். அவளுடைய முடிச்சு இன்னும் இறுகவில்லை என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார், ஆனால் கத்தியை அவளிடம் கொடுத்துவிட்டார்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். சித்திரையில் எங்கள் அம்மன் திருவிழா. ஆற்றங்கரையில் கரகம் பாலிக்கும், அதாவது பூசையோடு கரகத்தைச் சோடிக்கும் இரவு, இந்த முறை கண் சிகிச்சை முடிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரே வந்து கரகத்துக்குப் பூ அடுக்குவதாக இருக்கிறார். உங்கள் கிணற்றடியில் உதிர்கிற பூவைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்த பூ வேண்டாம், வெயில் ஏறுவதற்குள் பறித்த மொட்டாக இருக்க வேண்டும், பொலித்தீனில் கட்டாமல் ஈரத் துணியில் சுற்றி வாழையிலையில் பொதிய வேண்டும், வழியில் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். முடிந்தால் காய்ந்த வாழைநாரும் இரண்டு கட்டு வையுங்கள், இங்கே கிடைப்பது அறுந்துபோகிறது. நீங்களே எடுத்துக்கொண்டு வருவதானால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை, கட்டில் தயாராக இருக்கிறது. வர முடியாவிட்டால் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நடத்துநரின் தொலைபேசி இலக்கத்தை எனக்குச் சொல்லுங்கள். என் மருமகன் கண்டியில் காத்திருந்து வாங்கிக்கொள்வான். திருவிழாத் திகதி குறித்ததும் அறிவிக்கிறேன்.

மதினிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் பழைய வகுப்புத் தோழன்.