தம்பி, நான் கையெழுத்துப் போடப் போவதில்லை

தம்பி,

அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து இறந்ததை வைத்து, சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் ஹெல்மெட்டைச் சட்டப்படி கட்டாயமாக்கக் கேட்டு நீ எழுதிய மனுவை எனக்கு மட்டும் அனுப்பியிருந்தால் நானும் உனக்கு மட்டும் பதில் எழுதியிருப்பேன். நீ குடும்பக் குழுவில் போட்டு, "அக்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை" என்று கீழே எழுதிவிட்டாய். அதனால் நானும் எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன். மாமா படிப்பார், சித்தி பிள்ளைகள் படிப்பார்கள். போன வருடம் அப்பா திதியன்று இலை முன்னால் உட்கார்ந்து நீ என்னைச் சொன்ன அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

நான் போடப் போவதில்லை. முடிவு பண்ணிவிட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் காலை ஞாபகம் இருக்கிறதா? நம் பினாங்கு வீட்டு வாசல் அஞ்சடியில் அப்பாவின் ராலே சைக்கிள், முன்கூடையில் பாசாரில் சாமான் வாங்கிவருகிற பை. நீ மெல்பேர்னிலிருந்து பெட்டியில் துணியைச் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த அந்த நீல ஹெல்மெட்டை அவர் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே இரண்டு விரல் விட்டு வாரை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா அசையாமல் நின்றார். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது பிள்ளை நிற்குமே, அப்படி. நெற்றி விபூதி கலைந்து புருவத்தில் கொட்டியிருந்தது, அதைக்கூட அவர் துடைக்கவில்லை. காப்பியோடு வெளியே வந்த நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன். "என்னப்பா, ரேஸுக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். எதிர்வீட்டு ஆண்ட்டியும் சிரித்தார். அப்பா உடனே வாரைக் கழற்றினார். "நான் என்ன மோட்டாரா ஓட்டுறேன்" என்று சொல்லி, கதவோர ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். நீ "அக்கா" என்று மட்டும் சொன்னாய்.

அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் அதைப் போட்டுக்கொண்டு போயிருப்பார், மறுநாளும் போட்டிருப்பார், அப்புறம் பழகியிருக்கும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஆனால் ஒன்று. நீ பத்து நாளில் விமானம் ஏறிவிட்டாய். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மோட்டார் சைக்கிளை விற்ற மனிதருக்கு அந்தச் சைக்கிள் ஒன்றுதான் மிச்சம். ஜெலுத்தோங் பாசார், காப்பிக்கடை, கோயில் என்று அவராகவே போய் வந்தார். ஹெல்மெட் போடு, இல்லாவிட்டால் சைக்கிளைத் தொடாதே என்று நான் சொல்லியிருந்தால் அவர் சைக்கிளைத்தான் விட்டிருப்பார் என்று பயந்தேன். வீட்டோடு உட்கார்ந்துவிட்டால் சர்க்கரை ஏறும், மனசும் இறங்கும். தினம் பார்த்துக்கொண்டது நான், தம்பி. நீ இருக்கிற விக்டோரியாவில்தான் 1990 ஜூலையில் உலகத்திலேயே முதன்முதலாக இந்தச் சட்டம் வந்தது. வந்த பிறகு மெல்பேர்ன் தெருவில் எண்ணிப் பார்த்தபோது சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குறைந்திருந்தார்கள், அதிலும் பதின்வயதுப் பிள்ளைகள். மனுவில் நீ அதைச் சேர்க்கவில்லை.

ஹெல்மெட் உதவாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீ அனுப்பிய எல்லாவற்றையும் படித்தேன், 40 ஆய்வுகளைச் சேர்த்து 2016-ல் வந்ததையும் படித்தேன். மோசமான தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 சதவீதம் குறைகிறது, சரி. உள்ளே இருக்கிற வெள்ளை நுரை, மீன் பெட்டி செய்கிற அதே மாதிரிப் பொருள், அடி விழும்போது தான் நசுங்கி மண்டைக்குப் போகிற வேகத்தைக் குறைக்கிறது. ஒரு தடவை நசுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதைச் சோதிக்கும்போது ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழ வைக்கிறார்கள். சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறவர் தலை ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். லாரி வந்து மோதுவதற்கான சோதனை இல்லை அது. அப்பா விழுந்த மாதிரி விழுவதற்கான சோதனை. இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

1973-ல் இங்கே மலேசியாவில் மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமானபோது அப்பா மறுபேச்சில்லாமல் போட்டார் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். "சம்மன் கட்ட என்கிட்ட காசு இல்ல" என்பார். சைக்கிளுக்கும் சட்டம் இருந்திருந்தால் அன்றைக்கும் போட்டிருப்பார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் அந்த அபராதச் சம்மன் யார் கைக்குப் போகும் என்று யோசி. ஞாயிற்றுக்கிழமை குவீன்ஸ்பே கடலோரத்தில் விலையுயர்ந்த சைக்கிளில் போகிறவர்கள் ஏற்கெனவே ஹெல்மெட் போட்டுத்தான் போகிறார்கள். போடாதவர் யார்? ஷிப்ட் முடிந்து தங்குமிடத்துக்குத் திரும்புகிற வங்காளதேசத்துப் பையன், அட்டைப்பெட்டி பொறுக்கிக் கட்டிக்கொண்டு போகிற சீனப் பாட்டி, அப்பா மாதிரிக் கைலியோடு பாசார் போகிறவர்கள். ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை 85 சதவீதம் குறைக்கும் என்று நீ காட்டுகிற அந்தக் கணக்கு 1989-ல் சியாட்டிலில் செய்த ஆய்வு. அதே சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டி தன்னுடைய ஹெல்மெட் சட்டத்தை 2022-ல் எடுத்துவிட்டது. அபராதம் வீடில்லாமல் தெருவில் கிடக்கிறவர்கள் மேலும் கறுப்பின மக்கள் மேலும்தான் அளவுக்கு மீறி விழுந்ததாம். அதைவிட இங்கே நியாயமாக நடக்கும் என்று உனக்கு நம்பிக்கை இருக்கலாம். எனக்கு இல்லை, இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதவும் விருப்பமில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். நாலு பக்க மனுவில் அப்பாவை விழ வைத்த அந்தக் கார் கதவு எங்கே? அப்பா தலையில் என்ன இல்லை என்று எழுதியிருக்கிறாய். பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஒருவர் கதவைத் திறந்தாரே, அதற்கு ஒரு வரி இல்லை. நெதர்லாந்தில் கதவுக்குத் தள்ளியிருக்கிற கையால்தான் கார் கதவைத் திறக்க வேண்டும் என்று ஓட்டப் பழகும்போதே சொல்லிக்கொடுக்கிறார்கள், அப்படித் திறந்தால் உடம்பு தானாகப் பின்பக்கம் திரும்பும், வருகிறவர் கண்ணில் படுவார். அங்கே ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவர்கள் மிகக் குறைவு. அந்தக் கையைப் பற்றி ஒரு மனு எழுது, கார் நிறுத்த முடியாத சைக்கிள் பாதை கேட்டு எழுது, முதல் கையெழுத்து என்னுடையது. அப்பா பெயரையும் போட்டுக்கொள். இந்த மனுவில் அவர் பெயரைப் போட நீ என்னைக் கேட்கவே இல்லை. அம்மாவையும் கேட்கவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் கோபம்தான்.

உன் மருமகன் இப்போது சைக்கிளில்தான் டியூஷன் போகிறான். தினமும் அஞ்சடியில் நின்று அவனுக்கு நான்தான் வாரை மாட்டிவிடுகிறேன், நீ செய்த மாதிரியே இரண்டு விரல் விட்டு. கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்று முனகுகிறான், விடுவதில்லை. அப்பாவிடம் இப்படி நிற்க எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அப்பாவுடையது இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. தூசி தட்டுகிறேன், இடம் மாற்றவில்லை.

புதன்கிழமை திதி. இங்கே காலை எட்டு மணி, உனக்குப் பத்து. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் அம்மா போனுக்குக் கூப்பிடு. அந்த நேரத்தில் நான் அடுப்படியில் இருப்பேன்.

அக்கா