செங்கடலில் மாலுமிகளின் உயிர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கடல் நெருக்கடி என்றாலே சரக்குக் கட்டணமும் கச்சா எண்ணெய் விலையும்தான் பேசப்படுகின்றன. கப்பலுக்குள் இருக்கும் மனிதர்களை மறந்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

காசா போரைக் காரணம் காட்டி, செங்கடலில் செல்லும் கப்பல்களை ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் தாக்கத் தொடங்கியதே இந்த நெருக்கடி. 2023 நவம்பர் 19 அன்று அவர்கள் ஹெலிகாப்டரில் வந்திறங்கி 'கேலக்ஸி லீடர்' என்ற சரக்குக் கப்பலைக் கைப்பற்றினர். அதில் இருந்த 25 பேரும் பிலிப்பைன்ஸ், பல்கேரியா, உக்ரைன் எனப் பல நாடுகளிலிருந்து பிழைப்புக்காகக் கடலுக்கு வந்தவர்கள். காசா போரில் அவர்களுக்கு என்ன பங்கு? 2025 ஜனவரியில்தான் விடுதலை கிடைத்தது. பதினான்கு மாதங்கள்! அதற்குள் அந்தக் கப்பல் ஏமன் கரையில் பொதுமக்கள் ஏறிப் பார்க்கும் காட்சிப்பொருளாகிவிட்டது. நெஞ்சு பதறுகிறது.

2024 மார்ச் 6 அன்று 'ட்ரூ கான்ஃபிடென்ஸ்' என்ற சரக்குக் கப்பல் மீது ஹூதி ஏவுகணை பாய்ந்து மூன்று மாலுமிகள் உயிரிழந்தனர். உயிர்காப்புப் படகில் தத்தளித்த 21 பேரை நம் கடற்படைக் கப்பல் 'ஐ.என்.எஸ். கொல்கத்தா' மீட்டு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் சேர்த்தது. அவர்களில் ஒருவர் இந்தியர்.

செங்கடலைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பத்து நாள் கூடுதலாகும், எரிபொருள் செலவும் ஏறும். ஏறட்டும், போன உயிர் திரும்பாது. அபாயப் பகுதிக்குச் செல்ல மறுக்கும் உரிமை சில தொழிற்சங்க ஒப்பந்தங்களில் இருக்கிறது. அது எல்லா மாலுமிகளுக்கும் கிடைக்க, அவர்களை அதிகம் அனுப்பும் நாடுகளில் ஒன்றான இந்தியா ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பில் குரல் எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை