மணி அடித்த பிறகு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள், எல்லோருக்கும் வாழ்த்துகள். பள்ளி வரலாற்றுக் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கும் நன்றி.

அந்தக் கண்காட்சியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி வைத்திருந்ததைப் பலர் நின்று படித்தீர்கள். 1542இல் கோவாவுக்கு வந்த புனித சவேரியார் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியது, அவர் சேர்ந்திருந்த இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபை 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மறுபடி உயிர்பெற்றது, அந்தச் சபைக் குருக்கள் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது எல்லாம் அதில் இருந்தது. நம் பள்ளியும் அந்த வழியில் வந்ததுதான். அப்போது இப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றில் பக்கத்திலேயே விடுதியும் இருக்கும், மாலை மணி அடித்த பிறகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள். இன்று நம்மிடம் விடுதி இல்லை. பள்ளி விட்ட பிறகும் வீட்டிலிருந்து ஆள் வராமல் பிள்ளைகள் காத்திருப்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

பள்ளி 4.15க்கு விடுகிறது. போன வியாழக்கிழமை மழையில், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 6.40 வரை வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வண்டி வெளிச்சம் கேட்டுக்குள் விழும்போதும் பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு எழுந்தான், வண்டி தாண்டிப் போனதும் திரும்ப உட்கார்ந்தான். வாட்ச்மேன் அண்ணன் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்குப் போட்ட போனை யாரும் எடுக்கவில்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஷிப்ட் முடியாது, முதலாளி விடமாட்டார், பஸ் வராது. என்றைக்கோ ஒரு நாள் என்றால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் அதே சில பிள்ளைகள் தினமும் காத்திருக்கிறார்கள், அவர்களுக்காக வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த ஆசிரியையும் காத்திருக்கிறார். இது சரியில்லை. வரும் திங்கள் முதல் 5 மணிக்கு மேல் வருபவர்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் பிள்ளையை அழைத்துப் போக வேண்டும், மாதத்தில் மூன்று முறை அப்படி ஆனால் என்னை வந்து பார்க்க வேண்டும். "அப்பா அனுப்பினார்" என்று முகம் தெரியாத யார் வந்தாலும், எவ்வளவு கெஞ்சினாலும், பிள்ளையை அனுப்ப மாட்டோம்.

தாமதமாகும் என்று தெரிந்தால் 4 மணிக்குள் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள், அது போதும். பிள்ளையிடம் போய்ச் சொல்லிவிடுவோம், அவனும் ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து எழுந்து உட்கார மாட்டான்.

அப்புறம், தன் பிள்ளையோடு பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவரையும் தினமும் கூட்டிப் போகும் ஓர் அம்மாவைக் கேட்டில் பார்க்கிறேன். அவருக்கும், வெயிலிலும் மழையிலும் நேரத்துக்கு வந்து நிற்கும் தாத்தா பாட்டிகளுக்கும், ஆட்டோ அண்ணன்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்